எட்டுக்கு மேல் இடமில்லை

அத்தியாயம் 6

கடிதம் அவள் முன்னால் இருந்தது. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார் சீஃப். இதற்கு மேல் ஒரு மேலதிகாரி என்ன உதவி செய்ய முடியும்?

'செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, வடக்குத் தொட்டியின் அறிக்கையில் சரியாகப் பார்க்காமல் நான் ஒப்பமிட்டுவிட்டேன்' என்று தொடங்கி, 'கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்' என்று முடியும் நாலே வரி. நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேலையோடு போய்விடும், இல்லையென்றால் போலீஸ், கோர்ட், ஜெயில் என்று நீளும் என்பதைச் சீஃப் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருந்தார். இப்போது மணி இரண்டே முக்கால்.

அந்தக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சீஃபையும் சேர்த்து ஒன்பது கெமிஸ்ட்டுகள். கடைசியாகச் சேர்ந்தவள் இவள். சேர்ந்து மூன்று வருஷம் முடிந்தும் எல்லோருக்கும் இவள் 'புதுசு'தான். போன செவ்வாய்க்கிழமை வடக்குத் தொட்டியின் தண்ணீரைத் தட்டில் வளர்த்துப் பார்த்து, நாற்பத்தெட்டு கிருமிப் புள்ளிகளை எண்ணி, நாற்பத்தெட்டு என்றே கம்ப்யூட்டரில் ஏற்றியதாக அவளுக்கு ஞாபகம். ஆனால் வெளியே போன அறிக்கையில் பூஜ்யம் என்று இருந்தது. அடியில் அவளுடைய ஒப்பம். வெள்ளிக்கிழமை முப்பத்தொரு குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று இன்னும் கண் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அழப் பார்த்தாள், வரவில்லை. இன்றைக்குக் காலையில் டீயைக் கையில் ஊற்றிக்கொண்டு, சூடு தெரியாமல், தோல் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் கையை உதறினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அவளுக்கு வெள்ளம் இருப்பதே தெரியவில்லை. ஒருவேளை நானேதான் பூஜ்யம் போட்டேனோ என்றுகூட இரண்டு நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்தாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

முன்னால் வந்தது ஒல்லியான ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு நுனி அகப்பட்டால் போதும், நூல்கண்டு முழுவதையும் உருவிவிட்டுத்தான் ஓய்வார் என்பதால் ஊரார் வைத்த பெயர் நூலம்மா. துப்பறிய வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் அடிவயிற்றில், கர்னல் என்னும் மையப் புரோகிராமை எழுதும் வேலையில் இருந்தவர். பின்னால் வந்தவர் அவருடைய உதவியாளர். இருபது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, பயணிகளிடம் பேசியது போதாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். பஸ் போய்விட்டது, கண்டக்டர் என்ற பெயரும் வாயும் மட்டும் தங்கிவிட்டன. புதுசின் அண்ணனுக்கு அவர் பழைய சிநேகிதர். இருவரையும் அனுப்பி வைத்ததே அந்த அண்ணன்தான்.

"போட்டீங்களா?" என்றார் நூலம்மா.

"இன்னும் இல்ல."

"இந்தக் கடுதாசியைக் கேக்கல. செவ்வாய்க்கிழமை ஒப்பம். அதைப் போட்டீங்களா?"

"தெரியல."

கண்டக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, இருபது வருஷ சர்வீஸ்ல 'டிக்கெட் எடுத்தியா'ன்னு கேட்டா 'தெரியல'ன்னு சொன்ன ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. எடுக்காதவன்தான் முதல்ல 'எடுத்தாச்சு'ம்பான். நீ நேர்மையா டிக்கெட் எடுத்த ஆளும்மா, சந்தேகமே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"ஒப்பம் எப்படிப் போடுவீங்க? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்றார் நூலம்மா.

அவள் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். ஒவ்வொரு கெமிஸ்ட்டுக்கும் விரல் நீளத்தில் ஒரு யுஎஸ்பி குச்சி உண்டு. கையெழுத்துக் குச்சி. முன்பெல்லாம் அதை அவரவர் வைத்திருந்தார்கள். ஒருவர் தொலைத்தார். ஒருவர் சட்டைப் பையோடு துவைத்துப் போட்டார். அதனால் குச்சிகளையெல்லாம் வாங்கி, சிஸ்டம் அறையில் ஒரு இரும்பு பீரோவுக்குள், ஒரு சின்னப் பெட்டியில் வரிசையாகச் செருகிப் பூட்டிவிட்டார்கள். ஒப்பம் போடும் மெஷின் மாடியில் இருக்கிறது. இவர்கள் தங்கள் மேசையிலிருந்து பொத்தானை அழுத்தினால், பீரோவில் இருக்கும் குச்சி ஒயர் வழியாக மாடிக்குப் போய், அங்கேயே நேரில் செருகியது போல மெஷினுக்குத் தெரியும்.

"அதாவது ஆள் வீட்டுல, வருகைப் பதிவு ஆபீஸ்ல" என்றார் கண்டக்டர். "எங்க டிப்போவுல பாதிப் பேர் அப்படித்தான்."

"நிஜ சாக்கெட் கிடையாது, பாவனை சாக்கெட்" என்றார் நூலம்மா. "மெஷினோட கர்னல், இங்க சாக்கெட் இருக்குன்னு பாவிச்சுக்கும். எத்தனை பாவிக்கணும்னு கர்னலைக் கட்டும்போதே, அதாவது அதைத் தயார் பண்ணும்போதே, ஒரு நம்பர் குடுக்கணும். ஒண்ணும் குடுக்கலைன்னா அதுவா எட்டுன்னு வெச்சுக்கும்."

"எட்டுதான்" என்றாள் புதுசு. "எட்டுப் பேர் ஏறிட்டா அடுத்த ஆளுக்கு 'இடமில்லை'ன்னு வரும்."

"நீங்க ஒன்பது பேர்."

"ஆமா."

"எட்டு சீட் வண்டி, ஒன்பது சீசன் டிக்கெட்" என்றார் கண்டக்டர். "அப்ப நீ எப்பம்மா ஏறுவே?"

அதற்கு அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. காலை ஒன்பதுக்கு எட்டுப் பேரும் ஏறிக்கொள்வார்கள். இறங்கினால் இடம் போய்விடும் என்று சாயங்காலம் ஐந்து வரை யாரும் இறங்குவதில்லை. நடுமேசை அக்கா மட்டும் சாப்பிடப் போகும்போது, ஒரு மணிக்கு, இவளுக்காக இறங்குவார். இரண்டு மணிக்குத் திரும்ப ஏறிக்கொள்வார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அன்றைய ஒப்பமெல்லாம் போட்டு முடித்துவிட்டு, ஆறின சாப்பாட்டைப் புதுசு சாப்பிடுவாள். மூன்று வருஷமாக இப்படித்தான். நம்பரைக் கூட்டச் சொல்லி முதல் வருஷம் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு ஏறினப்ப என்ன பார்த்தீங்க?"

"வடக்குத் தொட்டிக்கு நேரா 'முடிந்தது'ன்னு இருந்துச்சு. அவசரம்னா சீஃபே தன் ஒப்பத்துல அனுப்பிடுவார். அப்படித்தான் போல இருக்குன்னு நினைச்சேன். திறந்து பார்க்கல."

"இதையெல்லாம் இங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். நம்பரை எப்பவோ கூட்டியாச்சு, உனக்குத்தான் தெரியலைன்னு சீஃப் சொன்னார்."

நூலம்மா எழுந்துவிட்டார். "நடங்க, முதல்ல அந்த ஒப்பப் பட்டியலைப் பார்ப்போம்."

சிஸ்டம் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கே சிஸ்டம்காரர் இருந்தார். நாற்பது வயது, பேச்சுக்குப் பதில் தலையாட்டல். இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். ஒன்பது குச்சிகளில் எட்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஓரத்துக் குச்சியில் இல்லை. அது புதுசுடையது.

"பீரோ சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு சீஃப்கிட்ட."

"குச்சிக்கு ரகசிய எண் உண்டே?"

சிஸ்டம்காரர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "எல்லாருக்கும் சீஃப் ஒரே எண்தான் குடுத்தார். மாத்திக்கச் சொன்னோம். யாரும் மாத்தல."

"பிரமாதம்" என்றார் கண்டக்டர். "ஊருக்கே ஒரு பூட்டு, ஒரு சாவி. அந்தச் சாவியும் பூட்டுலயே தொங்குது."

நூலம்மா செவ்வாய்க்கிழமைப் பட்டியலை அச்செடுத்து வாங்கினார். யார், எத்தனை மணிக்கு ஒப்பம் போட்டார்கள் என்பது மட்டும் அதில் இருந்தது. எந்தச் சாக்கெட் வழியாக என்பது இல்லை. மெஷினின் சொந்தக் குறிப்பில் அது இருந்திருக்கும். ஆனால் மூன்று நாளில் பழசு அழிந்துவிடும் என்றார் சிஸ்டம்காரர்.

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நூலம்மா கேட்டார்: "பதினொன்றரையைத் தாண்டினா எல்லாரும் ஏன் இப்படி அடிச்சுப் புடிச்சு ஒப்பம் போடறீங்க?"

"பதினொன்றே முக்காலுக்கு அறிக்கையெல்லாம் குடிநீர் ஆபீசுக்குப் போகும். அதை விட்டா சாயங்காலம்தான்" என்றாள் புதுசு.

"டேய், இதை வாசி. பதினொன்று முப்பத்தொன்பதுல இருந்து."

கண்டக்டர் விரல் வைத்து வாசித்தார். முப்பத்தொன்பதில் மூன்று பேர். நாற்பதில் நாலு பேர், நடுவில் புதுசு. நாற்பத்தொன்றில் இரண்டு பேர். "மூணும் நாலும் ஏழு, ரெண்டு ஒன்பது. எல்லாம் வேற வேற ஆள். சீஃபும் இருக்கார். அக்கா, ஒன்பது தலை!"

"ஒருத்தர் இறங்கி இன்னொருத்தர் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சிஸ்டம்காரரைக் கேட்டார் நூலம்மா.

"மூணு நிமிஷமாவது ஆகும். மெஷின் மெதுவாத்தான் கையை விடும்."

"ரெண்டு நிமிஷ சொச்சத்துல ஒன்பது பேர். அந்த நேரத்துல யாரும் இறங்கி ஏறல. எட்டு சீட்டும் ரொம்பியிருக்கு. அப்படின்னா ஒன்பதாவது குச்சி ஒயர்ல வரல." நூலம்மா பீரோவைத் தட்டினார். "கையில வந்திருக்கு. யாரோ இதைத் திறந்து, இந்தம்மாவோட குச்சியை உருவி, மாடிக்குக் கொண்டு போய், மெஷினோட நிஜ சாக்கெட்டுலயே செருகியிருக்காங்க. பாவனை சாக்கெட்டுக்குத்தான் எட்டுன்னு கணக்கு. நிஜ சாக்கெட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது."

"சீட்டுக்குத்தான் நம்பர், கம்பியைப் புடிச்சுத் தொங்கறவனுக்கு என்ன நம்பர்?" என்றார் கண்டக்டர். பிறகு புதுசைப் பார்த்தார். "உன்கிட்ட பீரோ சாவி இருக்கா தங்கச்சி?"

"இல்ல."

"அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. நீ வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கலாம்."

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பச்சை விளக்கு இல்லாத அந்த ஒரு குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டுன்னு யார் சொன்னது?"

வாசலில் சீஃப் நின்றிருந்தார். பின்னால் இயக்குநர். மணி மூன்று இருபத்தைந்து. கடிதம் தயாரா என்று பார்க்க வந்தவர்கள் பேச்சுக் குரல் கேட்டு இங்கே வந்திருந்தார்கள். சீஃபுக்கு முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சொந்தப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசினார். "பாவம், இவ பழைய காலத்துலயே இருக்கா. அந்த எட்டு எப்பவோ பதினாறு ஆயாச்சு. இவளுக்கு யாரும் சொல்லல போல இருக்கு. ஒரு மணிக்கு ஏறியே பழகிட்டா. கோப்பைத் திறந்து காட்டுப்பா."

சிஸ்டம்காரர் கோப்பைத் திறந்தார். கர்னல் கட்டுவதற்கான அமைப்புக் கோப்பு அது. பாவனை சாக்கெட்டுகளின் எண்ணிக்கை என்ற வரிக்கு நேராகப் பதினாறு என்று இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத பதினாறு.

கண்டக்டர் திரையை எட்டிப் பார்த்தார். "எட்டு சீட் வண்டியை ராத்திரியோட ராத்திரியா டபுள் டெக்கர் ஆக்கிட்டாங்க அக்கா" என்று முணுமுணுத்தார்.

"பதினாறு இடம் இருந்தா, தன் மேசையில இருந்தே அவ போட்டிருக்கலாமே" என்றார் இயக்குநர். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்மா. போய்க் கையெழுத்தைப் போட்டுடு."

"சரி சார்" என்றாள் புதுசு.

அவ்வளவு லேசாகச் 'சரி' வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்தது போலவும் இல்லை, இறக்கி வைத்தது போலவும் இல்லை. கடிதம் இருந்த அறைக்குத் திரும்பப் போனாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் நூலம்மா. அவர் கோப்பைப் பார்க்கவே இல்லை. சிஸ்டம்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாடியில இருக்கிற மெஷினைக் கடைசியா எப்ப அணைச்சீங்க?"

"அணைக்கறதில்லை. ஓடற மெஷினைத் தொடாதேன்னு இங்க உத்தரவு. நாலு வருஷமாச்சு."

"கர்னலைத் திரும்பக் கட்டினீங்களா?"

சிஸ்டம்காரர் முதலில் தலையை மட்டும் ஆட்டினார். "இல்ல."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"கோப்புல என்ன இருக்குன்னுதான் கேட்டாங்க. அதைக் காட்டினேன்."

நூலம்மா இயக்குநர் பக்கம் திரும்பினார். "சார், இந்தம்மா தன் மேசையில உக்காந்து ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும். மத்த எட்டுப் பேரும் ஏறியிருக்காங்க, பச்சை விளக்கை நீங்களே பாருங்க. பதினாறு இடம் இருந்தா இவங்களுக்கு ஒண்ணு கிடைக்கணும் இல்லையா?"

இயக்குநர் தலையசைத்தார். சீஃபும் தாராளமாகத் தலையசைத்தார். நல்ல மனிதர்கள் எதற்கும் தடை சொல்வதில்லை.

பெரிய ஹாலில் சீஃபின் மேசையைத் தவிர மற்ற ஏழு மேசைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். புதுசைக் கண்டதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை வந்துவிட்டது. நடுமேசை அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அவரும் உடனே குனிந்துகொண்டார். மூன்று நாளாகத் தூசி படிந்த நாற்காலியில் புதுசு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. ஐந்து பேர் அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'இடமில்லை.'

மூன்று வருஷமாக அவளுக்குப் பதில் சொன்ன அதே வார்த்தை.

"ஏறலையே!" என்றார் சீஃப். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "ஏன் ஏறல? அதுதான் மாத்தியாச்சே, பதினாறுன்னு மாத்தினதை நான் சேவ் பண்ணினேனே!"



"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது சார்" என்றார் கண்டக்டர், ரொம்ப மரியாதையாக.

நூலம்மா நிதானமாகப் பேசினார். "அந்தக் கோப்பு அடுத்த தடவை கர்னல் கட்டும்போது என்ன செய்யணும்னு சொல்ற சீட்டு, அவ்வளவுதான். ஓடிட்டிருக்கிற மெஷினுக்கு அது தெரியாது. திரும்பக் கட்டணும், அணைச்சு ஏத்தணும். அதுவரைக்கும் எட்டு எட்டுதான். சிஸ்டம்காரர் மாத்தியிருந்தா ஒழுங்கா முடிச்சிருப்பார். கோப்புல நம்பரைத் திருத்தினா உலகமே திருந்திடும்னு நம்பற ஆள் ஒருத்தர்தான் இப்படிச் செய்ய முடியும். நாற்பத்தெட்டைப் பூஜ்யமாத் திருத்தின அதே ஆள்."

"அபாண்டம்" என்றார் சீஃப். சுரம் இறங்கியிருந்தது.

"கோப்புல தேதியும் இருக்கு, நான் எட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றார் கண்டக்டர். "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு பத்து."

"சனிக்கிழமை எனக்கு லீவு" என்றார் சிஸ்டம்காரர் அவசரமாக. "மெஷினோட ரகசிய வார்த்தை தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான்."

"குழந்தைங்க படுத்தது வெள்ளிக்கிழமை. மறுநாளே ஒருத்தருக்கு இந்த எட்டு உறுத்தியிருக்கு" என்றார் நூலம்மா. "இந்தம்மா சொல்றதை யாராவது நம்பினா அந்த எட்டு இவங்களைக் காப்பாத்திடும்னு, செஞ்ச ஆளுக்கு மட்டும்தான் தெரியும்."

சீஃப் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். வடக்குத் தொட்டிக்கு மருந்து கலக்கும் பம்ப் கெட்டுவிட்டது என்று போன மாதமே கடிதம் வந்திருந்தது. மேலே அனுப்ப மறந்து மேசைக்குள் போட்டுவிட்டார். தொட்டியை மூடினால் ஏன் மூடினார்கள் என்று கிளறுவார்கள், கடிதம் வெளியே வரும். இரண்டு நாளில் பம்பைச் சரி செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாராம். "ரெண்டே நாள்தான் கேட்டேன்" என்றார், யாரையோ நொந்துகொள்வது போல.

இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். போகிற வழியிலேயே போலீசுக்கு போன் போட்டார். திரும்பி வந்து, கையோடு எடுத்து வந்திருந்த நாலு வரிக் கடிதத்தை அவள் முன்னாலேயே கிழித்தார். "நீ எதுவும் எழுத வேண்டாம்மா. வீட்டுக்குப் போ. நாளைக்கு வா."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அழுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

"செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபத்தஞ்சுக்கு நான் ஏறிப் பார்த்தேன் மேடம்" என்றாள் நூலம்மாவிடம். "இடமில்லைன்னு வந்துச்சு. நாற்பத்தெட்டுன்னு எழுதி வெச்சுட்டு, ஒரு மணிக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். ஒப்பம் விழற வரைக்கும்தான் நம்பரைத் திருத்த முடியும். விழுந்துட்டா யாராலயும் முடியாது."

"தெரியும்."

"அப்ப எனக்கு இடம் கிடைச்சிருந்தா பதினொன்றே முக்காலுக்கு அறிக்கை போயிருக்கும். பன்னிரண்டு மணிக்குத் தொட்டியை மூடியிருப்பாங்க."

நூலம்மா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "மூடியிருப்பாங்க" என்றார். "எட்டுன்னு யாரும் யோசிச்சு வைக்கலம்மா. யாரும் ஒண்ணும் வைக்காததால வந்த எட்டு அது."

"நான் எழுந்திருச்சு ஒருத்தரை இறங்கச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் அவசரத்துல இருந்தாங்க. கேட்டா முகம் சுளிப்பாங்கன்னு கேக்கல."

கண்டக்டர் வாயைத் திறந்தார். "தங்கச்சி, ஓடற பஸ்ஸுல..." என்று ஆரம்பித்து, அது எங்கேயும் போகாது என்று தெரிந்து விட்டுவிட்டார். அவள் நெஞ்சு எங்கேயோ வலித்தது. ரொம்பத் தூரத்தில், அடுத்த தெருவில் யாருக்கோ வலிப்பது போல.

சிஸ்டம்காரர் தயங்கித் தயங்கி இயக்குநர் அருகில் வந்தார். "சார், வடக்குத் தொட்டியைக் கழுவி மருந்து போட்டு, இன்னைக்கு ஆறு மணிக்குத் திறக்கறதா இருக்காங்க. சாயங்கால அறிக்கை அஞ்சுக்குப் போகணும். நேத்து எடுத்த தண்ணி தட்டுல இருக்கு. சீஃப்தான் எண்ணறதா இருந்தார். இன்னும் யாரும் எண்ணல."

இயக்குநர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எட்டு மேசையும் குனிந்தன. சீஃப் போன பிறகு அதில் ஒன்று காலி நாற்காலி என்றாலும், அதுவும் குனிந்தது போலத்தான் இருந்தது.

"நான் எண்ணறேன்" என்றாள் புதுசு.

கிருமி வளர்க்கும் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை எண்ணினாள். திருப்பி வைத்து இன்னொரு தடவை எண்ணினாள். ஏழு. சின்னச் சின்னதாக ஏழு புள்ளிகள். நாற்பத்தெட்டு இல்லைதான். ஆனால் குடிக்கிற தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேசைக்கு வந்து ஏழு என்று ஏற்றினாள். பொத்தானை அழுத்தினாள்.

'இடமில்லை.'

மணி நாலு பதினைந்து. ஐந்து மணிக்கு எப்படியும் எல்லோரும் இறங்குவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவள் கை பழக்கதோஷத்தில் அடுத்த வேலையை எடுக்கப் போனது. பிறகு நின்றது.

எழுந்து நின்றாள். அந்த ஹாலில் அவள் எழுந்து நின்று பேசியதே இல்லை.

"யாராவது ஒருத்தர் இறங்குங்க. வடக்குத் தொட்டித் தண்ணி நல்லா இல்ல. நான் இப்பவே ஒப்பம் போடணும்."

சத்தமாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். நடுமேசை அக்கா பொத்தானை அழுத்துவது கேட்டது. அடுத்து ஜன்னலோரத்துக்காரர். அப்புறம் ஒன்று, இன்னொன்று. ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள். "ஒருத்தர் போதுங்க" என்றாள். யாரும் திரும்ப ஏறவில்லை.

மூன்று நிமிஷம் காத்திருந்தாள். அந்த நாலு வயதுக் குழந்தையின் பெயர் என்னவென்று தனக்குத் தெரியாது என்பது அந்த மூன்று நிமிஷத்தில் அவளுக்கு உறைத்தது. கண்ணில் என்னவோ பட்டது போலத் திரை மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

இடம் கிடைத்தது. ரகசிய எண்ணை அடித்து ஒப்பம் போட்டாள்.

மணி நாலு இருபது. இனி அந்த ஏழு என்ற எண்ணை யாராலும் திருத்த முடியாது.